முதல் தட்டு

மேஜையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. யாரும் தொடவில்லை. நடுவில் ரொட்டிக் கேக். என் அக்கா ரீக்கா நேற்று முழுக்க நின்று செய்தது. வெள்ளை ரொட்டியை அடுக்கி, இடையிடையே மீனும் பாலாடையும் வைத்து, மேலே வெள்ளரிக்காயைச் சுருள் சுருளாகச் செதுக்கி நட்டிருந்தாள். அதன் பக்கத்தில் ஒரு பெரிய தட்டில் அரிசிக்கஞ்சி வைத்து ஓரம் கிள்ளிச் சுட்ட, ரை என்ற கறுப்புத் தானிய மாவு அப்பங்கள். அவற்றின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. துண்டு ஒரு பக்கம் விலகி அப்பங்களின் பழுப்பு ஓரம் தெரிந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையும் வெண்ணெயும் பிசைந்தது. ஏலக்காய் பன். பிளாஸ்கில் காப்பி. மூடியின் இடுக்கு வழியாக அதன் வாசனை வந்துகொண்டே இருந்தது. நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் அவற்றில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, நடுவில் இருந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. கூடத்துக்கும் நடைக்கும் இடையில் நிலைப்படியில் சாய்ந்து, இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

இது எனக்குப் புதிதல்ல. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் இப்படித்தான் ஆகும். முதலில் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ கழன்றுகொள்ளும். பிறகு கழுத்தில் வேர்வை, குளிர்ந்த வேர்வை. பேச்சுக் குரல்கள் பக்கத்து அறைக்குப் போய்விடும். காரணமில்லாமல் எல்லோர் மேலும் கோபம் வரும். கடைசியாகக் கை. கம்பெனி டாக்டர் ஒரு தடவை இரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி கிடையாது, சில உடம்புகள் இப்படித்தான், வேளைக்குச் சாப்பிடு, பையில் எப்போதும் எதையாவது வைத்துக்கொள் என்றார். வைத்துக்கொள்கிறேன். வேலைக்குப் போடும் ஜாக்கெட்டின் இடது பையில் எப்போதும் உலர்திராட்சைப் பெட்டி இருக்கும். இன்று நான் போட்டிருந்தது கறுப்புக் கோட்டு. அப்பாவின் அடக்கத்துக்கு வாங்கியது. அதன் பைகளில் ஒன்றுமே இல்லை. அவற்றின் தையலைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை.

லாஹ்தியில் பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலை எனக்கு. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது நல்ல வேலைதான். பேசத் தேவையில்லை. காலையில் அறைக்கு வந்து ஓட்ஸ் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுப்பேன். இன்று கஞ்சிக்குப் பதிலாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலர் சரியாக வரவில்லை, திரும்பப் போட்டேன். அதில் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அக்கா வீடு இருக்கும் ஹெய்னோலாவில் இறங்கி நிலையத்துக் கடையில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். ஷட்டர் போட்டிருந்தது. அங்கிருந்து சேறாகிப்போன பனியில் நடந்து வந்து கதவைத் தட்டியபோது, ரீக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். அவள் முதல் வார்த்தையே இதுதான்.

"டேய், சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். அவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஒருவர் வீட்டுக்குப் போனால் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டாலும் சிரமம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை மட்டும் என்று ஒப்புக்கொள்ளலாம். ரீக்காவின் தோளில் குழந்தை அழுதது, அடுப்பில் ஏதோ பொங்கியது. அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இன்று அவள் குழந்தைக்கு ஞானஸ்நானம். நான் ஞானத்தகப்பன். போதகர் தண்ணீர் ஊற்றும்போது குழந்தையை ஏந்தி நிற்க வேண்டியவன் நான். இதை அவள் முடிவு செய்தபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் குடியை விட்டு நான்கு குளிர்காலம் ஆகிறது. அதற்கு முந்தைய குளிர்காலங்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவள் கல்யாணத்தில் நான் ஏரிக்கரை மேடையிலிருந்து தண்ணீரில் விழுந்ததை வீடியோவில்கூடப் பார்க்கலாம். அவள் மாமனார் பெந்தி அப்போதே என்னிடம் பேச்சை நிறுத்தியவர். வாழ்நாள் முழுக்க வடக்கே தூரப் பேருந்து ஓட்டிய மனிதர். ஒரு ஜனவரியில் தன் சொந்தத் தம்பியைப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சிலிருந்து, குளிரில் விறைத்துச் செத்த நிலையில் எடுத்துவந்தவர். பக்கத்தில் பாட்டிலும் இருந்ததாம். அவர் என்னைப் பற்றி நினைப்பதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

ஆனாலும் ரீக்கா விடவில்லை. போன மாதம் லாஹ்திக்கு வந்து, தள்ளுவண்டியை என் அறை வாசலில் நிறுத்திவிட்டு, என் காதில் பெயரைச் சொன்னாள். ஞானஸ்நானம் வரை குழந்தையின் பெயரை வெளியே சொல்லும் வழக்கமில்லை. எல்லோரும் 'பொடியன்' என்றுதான் கூப்பிடுவார்கள். போதகர், குழந்தையின் பெயர் என்ன என்று கேட்பார். குழந்தையை ஏந்தி நிற்பவன்தான் அதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். அந்தப் பெயர் அவளுக்கும் அவள் புருஷன் யோவ்னிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஒரு மாதமாகப் பார்சல்களைத் தூக்கிப் போடும்போதெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதையும் பத்திரமாகக் கொடுத்துவைத்து ரொம்ப நாளாகியிருந்தது.

போதகர் ஒரு பெண். அந்த அம்மாள் இன்னும் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டாள். வேறொரு ஊரில் ஒரு சாவு, அதில் தாமதம், வழியில் ரோட்டோரப் பனியில் கார் இறங்கிவிட்டது, டிராக்டர் வந்துகொண்டிருக்கிறது என்றாள். யோவ்னி இதைக் கூடத்தின் நடுவில் நின்று எல்லோருக்கும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மாமி, டிராக்டர் வந்தால் சரிதான் என்றாள். பிறகு மறுபடி மௌனம். யோவ்னிக்கே அது தாங்கவில்லை போலிருக்கிறது, வேண்டுமானால் காப்பி மட்டுமாவது இப்போதே குடிக்கலாமே என்று இழுத்தான். யாரும் அசையவில்லை. ஒருவர் தன் கைக்கடிகாரத்தைத் துடைத்தார்.

இதை எப்படிச் சொல்வது? எங்கள் ஜனங்கள் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு இறங்குவார்கள். ஆனால் விருந்து மேஜைக்கு முதல் ஆளாக எழுந்து போகமாட்டார்கள். கடைசி ஆளாகப் போனால் மரியாதை. முதல் ஆளாகப் போனால், அவன் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேச்சு. அப்பாவின் அடக்கத்தன்று காப்பி ஆறி, அதை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டு, அதுவும் ஆறியது. கடைசியில் காது கேட்காத ஒரு கிழவர், என்ன நடக்கிறது என்று புரியாமல் எழுந்து போனதால்தான் எல்லோரும் பிழைத்தோம். இதிலோ ஞானஸ்நானமே இன்னும் ஆகவில்லை. சடங்கு முடிந்தால்தான் மேஜை 'திறக்கும்'; அதற்கு முன் அந்தக் கேக்கில் கத்தி வைப்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. யோவ்னியின் சித்தப்பா மகள் மின்னா, குழந்தையின் ஞானத்தாய், மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அந்த வெள்ளரிக்காய் நம்மளையே பார்க்குது." ஒன்றிரண்டு பேர் மூக்கால் சிரித்தார்கள். மறுபடி தரையைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ரீக்கா, சும்மா இருப்பதற்குப் போட்டோவாவது எடுக்கலாம் என்று, குழந்தையுடன் என்னிடம் வந்தாள். குழந்தைக்கு அந்த நீண்ட வெள்ளை அங்கியைப் போட்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் ஞானஸ்நானம் பெற்றோம். அங்கி குழந்தையைவிட இரண்டு மடங்கு நீளம். "பிடிச்சுப் பழகிக்கோ" என்று என் பக்கம் நீட்டினாள். நான் பைக்குள்ளிருந்து கைகளை எடுத்தேன். எடுக்காமல் வேறு என்ன செய்வது? குழந்தையின் தலை என் முழங்கை மடிப்பில் வந்து அமர்ந்தது. கனமே இல்லை. கிடங்கில் பூனை மணல் மூட்டையைத் தூக்குபவன் நான். ஆனால் அங்கியின் சரிகை ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, காற்றடிப்பதைப் போல ஆடியது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

ரீக்கா அதைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வேர்த்திருந்தது. அவள் என் டையைச் சரிசெய்பவளைப் போல நெருங்கி வந்தாள். டை சரியாகத்தான் இருந்தது. அவள் மூச்சை உள்ளே இழுக்கும் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. என் வாயை முகர்ந்தாள். வெறும் வயிற்றோடு இருப்பவன் வாய் மணக்காது. ஒரு மாதிரி புளித்த வாடைதான் அடிக்கும், அழுகத் தொடங்கிய ஆப்பிளைப் போல. அவளுக்கு அது வேறு எதையோ ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். அவள் முகம் மாறவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் முகம் மாறாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டதே என்னால்தான்.

"பரவால்ல" என்றாள். "மின்னா பிடிச்சுக்கட்டும்."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் குடிக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த வாக்கியத்தை நான் குடித்திருந்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் வாயில் அதற்கு மதிப்பு கிடையாது. அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து போனாள். மின்னாவின் கைகளில் வைத்தாள். பிறகு குனிந்து, மின்னாவின் காதோரம் தொங்கிய முடியை விலக்கி, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். மின்னாவின் புருவம் உயர்ந்தது, சிரித்தாள். அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். என் கைகளைத் திரும்பப் பைக்குள் விட்டேன்.

தோளில் யாரோ தட்டினார்கள். பெந்தி. கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "வா, கார்ல ஒரு சாமான் எடுக்கணும்" என்றார்.

எடுக்க ஒரு சாமானும் இல்லை என்பது அவர் கதவைச் சாத்திய விதத்திலேயே தெரிந்தது. உள்ளே சில்லென்று இருந்தது. கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்தது. அவர் முன்பக்கப் பெட்டியைத் திறந்து, கறுப்பாகச் சின்னதாக ஒன்றை எடுத்தார். குடித்திருக்கிறோமா என்று ஊதிப் பார்க்கும் கருவி. அவரைப் போன்ற பழைய டிரைவர்கள் ஓய்வு பெற்ற பிறகும் இதை விடுவதில்லை. குழாயைத் தன் சட்டை நுனியில் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஊது."

"பெந்தி…"

"ஊதுப்பா. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

ஊதினேன். எனக்கு மூச்சு பத்தவில்லை. கருவி கீச்சென்று பாதியில் நின்றது.

"முழுசா ஊது. என் பஸ்ல ஏறுன குடிகாரன்கூட இதவிட நல்லா ஊதுவான்."

திரும்ப ஊதினேன். பூஜ்யம் என்று காட்டியது. அவர் கருவியை உள்ளங்கையில் தட்டினார். தானே ஒரு தடவை ஊதிப் பார்த்தார். அதுவும் பூஜ்யம். "மிஷின் சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. அதை அவர் மறைக்க முயலவில்லை. அதனால் அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. பிறகு என் மடியைப் பார்த்தார். கைகள் அங்கே கிடந்தன, ஆடிக்கொண்டு.

"அப்ப இது ஏன் ஆடுது?"

நான் யோசித்தேன். பயம் என்று சொல்லலாம். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம். நரம்பு வியாதி என்றுகூடச் சொல்லலாம். அதற்கு ஒரு கௌரவம் இருக்கிறது. குடித்திருக்கிறேன் என்று சந்தேகப்பட்டால் அதை எப்படிச் சுமப்பது என்று எனக்குத் தெரியும், பழகிய சுமை. ஆனால் இருந்த ஒரே காரணம் வாயில் வர மறுத்தது. அது குழந்தைகள் சொல்லும் வார்த்தை. சம்பளம் வாங்குகிற, தாடி நரைக்கத் தொடங்கிய ஆள், சாப்பாடு பரப்பி வைத்த வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்லும் வார்த்தையா அது? ஆச்சரியமாகத்தான் இருந்தது. இவர்கள் என்னைக் குடிகாரன் என்று நினைத்தால் தாங்கிக்கொள்வேன். பசிக்கிறவன் என்று நினைத்தால்தான் தாங்கமுடியாது போலிருக்கிறது.

"பசி" என்றேன்.

"என்னது?"

"பசிக்குது, பெந்தி. நேத்து ராத்திரி வேலைல சாப்பிட்டது. நேரத்துக்குச் சாப்பிடலேன்னா எனக்கு இப்படி ஆகும். கை கால் எல்லாம் ஆடும். கொஞ்ச நேரம் போனா விழுந்துடுவேன்."

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தார். பனி உருகி ஒரு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"ரீக்கா கேட்டிருப்பாளே."

"கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சாப்பிட்டேன்னு சொன்னேன்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் நான் செய்த காரியங்களில் அவருக்குப் புரிந்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். கையுறை, பனி சுரண்டும் பிளாஸ்டிக், டார்ச் விளக்கு. கடைசியில் ஒரு சூயிங்கம் டப்பா கிடைத்தது. அதைத் திருப்பி எழுத்துகளைப் படித்துவிட்டு, "இதுல சர்க்கரை கிடையாது. பல்லுக்கு நல்லது" என்றார். திரும்ப உள்ளே வைத்தார்.

"உள்ள அவ்வளவு இருக்கு" என்றார்.

"மேஜை இன்னும் திறக்கல."

"ஆமா" என்றார். "திறக்கல."

இரண்டு பேரும் அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தோம். வேறு ஊர்க்காரர்கள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். சமையலறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் எதையாவது எடுக்கலாம் என்றால், அந்த வீட்டில் சமையலறையும் கூடமும் ஒன்றுதான். குளிர்பெட்டியைத் திறந்தால் எல்லோர் முகத்திலும் வெளிச்சம் அடிக்கும். பக்கத்து வீட்டில் கேட்கலாமா என்று பெந்தி ஆரம்பித்தார், அவரே பாதியில் விட்டுவிட்டார். ரீக்காவிடம் போய்ச் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொருவனுடைய பசியை எடுத்துக்கொண்டுபோய் அவன் வாயால் வராமல் சொல்வது முறையல்ல. அப்போது வாசலில் ஒரு கார் திரும்பியது. அடியெல்லாம் சேறு. போதகர் அம்மாள் இறங்கி, அங்கிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வழுக்காமல் இருக்கக் குட்டிக் குட்டி அடியாக வைத்து உள்ளே ஓடினாள்.

அவ்வளவுதான். இனி ஐந்து நிமிஷத்தில் தொடங்கிவிடுவார்கள். என் கை அதற்குள் நிற்காது. நான் சுவரோரம் நிற்பேன், மின்னா பெயரைச் சொல்வாள், பிறகு மேஜை திறக்கும், நான் கடைசி ஆளாக, மரியாதையாகப் போய்ச் சாப்பிடுவேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. குழந்தைக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

நாங்கள் உள்ளே போனபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். யோவ்னி வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து, விரலை விட்டுப் பார்த்து, வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தான். போதகர் அங்கியின் கொக்கியை மாட்டினாள். மின்னா குழந்தையோடு ஜன்னல் பக்கம் நின்றாள். ரீக்கா எங்களைத்தான் பார்த்தாள். எதற்காக வெளியே போனோம் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பெந்தி வாசலில் நின்றபடி, கூடத்தின் குறுக்கே, பேருந்தில் நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கும் குரலில் சொன்னார்:

"ஒண்ணுமில்ல. பூஜ்யம்."

எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் கேட்காததைப் போல நின்றார்கள். ரீக்காவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி முகம் வரை வந்தது. அவள் என் கைகளைப் பார்த்தாள். பூஜ்யத்துக்கும் அந்தக் கைகளுக்கும் அவளுக்குக் கணக்கு ஒத்துப்போகவில்லை. பூஜ்யம் என்பது குழந்தையைத் திரும்பக் கொடுக்கப் போதாது. அது எனக்கும் தெரிந்தது. நானாக இருந்தாலும் கொடுக்கமாட்டேன்.

நான் நடந்தேன். மேஜைக்கும் சுவருக்கும் இடையில் இருந்த அந்த வெறும் தரை கால்களுக்குக் கீழே கொஞ்சம் சாய்ந்தது. செருப்பில்லாத காலுறைகள், வழுக்கின. போதகர் புத்தகத்தைத் திறந்துவிட்டிருந்தாள். நான் அப்பத்தின் மேலிருந்த துண்டை எடுத்தேன். ஒன்றை எடுத்து, முட்டை வெண்ணெயில் கரண்டி போடத் தெம்பில்லாமல் அப்படியே அதில் அமுக்கி, வாயில் வைத்தேன். வாய் நிறைந்த பிறகுதான் திரும்பினேன்.

"எனக்குப் பசிக்குது" என்றேன். சரியாக வரவில்லை. விழுங்கிவிட்டு இன்னொரு தடவை சொன்னேன். "பசிக்குது. காலைலேர்ந்து சாப்பிடல. அதான் கை ஆடுது."

குழந்தை மட்டும் ஏதோ ஒரு சத்தம் போட்டது.

"வந்ததும் கேட்டேனேடா" என்றாள் ரீக்கா.

"கேட்ட."

"சாப்பிட்டேன்னு சொன்னியே."

"பொய்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அது அழுகை இல்லை, கோபம். "இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பத்தலையா உனக்கு" என்றாள். "பொய் சொல்றதுக்கு வேற விஷயமே கிடைக்கலையா?"

மின்னா சிரித்துவிட்டு உடனே வாயை மூடினாள். நான் இன்னொரு அப்பம் எடுத்தேன். வேறென்ன செய்வது? தொடங்கியாயிற்று. தொண்டையில் ரை மாவு ஒட்டிக்கொண்டது. கண் ஓரத்தில் ஒரு கறுப்பு உருவம் அசைந்தது. பெந்தி. அவர் நேராகப் பிளாஸ்க் இருந்த இடத்துக்குப் போய், மூடியைத் திருகி, ஒரு கோப்பையில் காப்பி ஊற்றினார். என்னைக் கேட்காமல் சர்க்கரைக் கட்டிகளைப் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார், காப்பி விளிம்பைத் தொடும் வரை. தட்டோடு சேர்த்து என் கையில் வைத்தார். கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. அவர் திரும்பப் போயிருக்கலாம். ஆனால் மேஜை வரை வந்த மனிதன் வெறுங்கையோடு திரும்புவதும் ஒரு மாதிரிதான். அவர் ஒரு தட்டை எடுத்தார். கத்தியை எடுத்தார். ரீக்காவைப் பார்க்காமல், அந்த ரொட்டிக் கேக்கின் ஓரத்தில், வெள்ளரிச் சுருளின் நடுவே, வெட்டினார்.

முதல் ஆள் போயாயிற்று. இரண்டாவது ஆளும் போயாயிற்று. மூன்றாவதாகப் போவதில் யாருக்கும் வெட்கமில்லை. டிராக்டரைப் பற்றிப் பேசிய மாமி எழுந்தாள். கடிகாரம் துடைத்தவர் எழுந்தார். நாற்காலிகள் தரையில் உரசின. நான் திரும்பிப் பார்த்தபோது வரிசை நடை வரை போயிருந்தது. எல்லோரும் திடீரென்று வானிலையைப் பற்றிப் பேசினார்கள். போதகர் அம்மாள் கொஞ்ச நேரம் புத்தகத்தோடு நின்றாள். பிறகு அதைக் கிண்ணத்தின் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, அங்கியின் அகலக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். "சாவு வீட்டுலயும் யாரும் முதல்ல எழுந்திருக்கல" என்று முன்னால் நின்றவரிடம் சொன்னாள். "கடைசில நான் கிளம்பியே வந்துட்டேன்."

ரீக்கா வரிசைக்கு வரவில்லை. அவள் மின்னாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். மின்னா உடனே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் ஓடிச் சேர்ந்தாள். ரீக்கா ஜன்னல் பக்கம் நின்று, குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அங்கியின் நீளம் அவள் இடுப்புக்குக் கீழே தொங்கியது. சின்ன மேஜையில் வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. அதிலிருந்து முன்பு எழுந்த மெல்லிய ஆவி இப்போது இல்லை. யாராவது அதைத் திரும்பச் சூடாக்க வேண்டியிருக்கும்.

நான் காப்பியைக் குடித்தேன். சர்க்கரைப் பாகு. பல் கூசியது. ஒவ்வொரு வாய்க்கும் இடையில் கோப்பையைத் தட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அது அடித்துக்கொண்டது. பேச்சுச் சத்தத்துக்கும் கரண்டிச் சத்தத்துக்கும் நடுவே அது தனியாகக் கேட்டது, எனக்கு மட்டும் என்று நினைத்தேன். பிறகு கவனித்தேன். ரீக்காவின் கை குழந்தையின் முதுகில் நின்றுபோயிருந்தது. அவள் வெளியே பார்ப்பவளைப் போல நின்றாலும் தலையை இந்தப் பக்கம், என் கோப்பைச் சத்தத்தின் பக்கம், கொஞ்சம் சாய்த்திருந்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று பக்கத்து அறையிலிருந்து காது கொடுப்பவர்கள் சாய்ப்பார்களே, அப்படி.

கோப்பை அடித்துக்கொண்டது. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, முன்னைவிட மெதுவாக அடித்தது. என் வாயில் ரை மாவும் சர்க்கரையும், அவற்றுக்கு அடியில் அந்தப் பெயரும் இருந்தன. நான் மென்றுகொண்டிருந்தேன்.